கண்ட்ரோல் அரிசி

ஹைதராபாத்தில் மௌலா அலி மலைக்குக் கீழே முதல் மாடி வீடு கட்டிய தமிழன் நான்தான். அதற்கு முன்னால் எங்கள் ஜனங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ், ரிட்டயரானால் ஒரு ஓட்டு வீடு, அவ்வளவுதான் விதி என்று இருந்தது. என் வீட்டுக்குப் பிளான் போட்ட இஞ்சினியர் கிடையாது. மண்ணில் குச்சியால் கோடு கிழித்தேன், அந்தக் கோட்டின் மேலேயே கடைக்கால் தோண்டினேன். இத்தனை வருடத்தில் ஒரு சுவரிலும் கீறல் விழவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் வந்து தடவிப் பார்க்கலாம். பாறையில் தண்ணீர் வராது என்று மூன்று பேர் கைவிட்ட இடத்தில் கிணறு எடுத்தேன். எங்கள் முருகன் கோவிலுக்கு மதில் எழுப்பினேன். சிகந்தராபாத் மிலிட்டரி ஏலத்தில் சக்கரம்கூட இல்லாத ஒரு ஜீப்பை எடுத்தபோது, கோழி அடைக்கக்கூட ஆகாது என்று சிரித்தார்கள். எட்டு மாதம் கழித்து, அப்படிச் சிரித்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதே ஜீப்பில் போய் இறங்கினேன். அப்பா வட ஆற்காட்டிலிருந்து வந்து ஒர்க்ஷாப்பில் கலாசியாக இரும்பு சுமந்தவர். நான் நாலாங்கிளாஸைப் பாதியில் விட்டுவிட்டுத் தார் டின் சுமந்தவன். யாரும் எனக்கு ஒரு செங்கல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஊருக்குத் தெரியாத ஒன்றையும் கட்டியிருக்கிறேன். அது ஒரு சர்க்கார் ரிப்போர்ட். இங்கிலீஷில் டைப் அடித்து, நீல அட்டை போட்டு, கட்டை விரல் தடிமனுக்கு இருக்கும். அதற்குப் பாதிக் கடைக்கால் நான் போட்டது. அதில் கீறல் இருக்கிறது.

எமர்ஜென்சி முடிந்து இரண்டு மழை போயிருந்த சமயம். மாரெட்பள்ளியில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து ஒரு சர்க்கார் சோதனைச்சாலை நடத்தினார்கள். அந்த ஆபீஸ் இன்று இல்லை. அவர்களுக்கு வெளியூர் போக ஜீப் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். கல்யாணத்துக்குப் போன அதே ஜீப்தான். வண்டி ஓட்டுவது, மூட்டை ஏற்றுவது, போன இடத்தில் ஆள் பிடிப்பது எல்லாம் என் பொறுப்பு. கொத்தனார் வேலை பார்த்த நாளிலிருந்தே எனக்கு மேஸ்திரி என்று பெயர்; அங்கேயும் மேஸ்திரிதான்.

அந்த வேலைக்கு மேலதிகாரி ஒரு பெண். கும்பகோணத்துப் பக்கம் பிறந்து பம்பாயில் படித்தவர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படிப்பில் டாக்டர். நான் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் என்னை ஒருநாளும் 'நீ' என்று சொன்னதில்லை.

முதல் நாளே எனக்கு ஒரு அவமானம் நேர்ந்தது. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

"என்ன வேலைம்மா இது?" என்று கேட்டேன்.

"ஒரு குன்றைத் தோண்டித் தாது எடுத்தாங்க, மேஸ்திரி. இப்ப வேலையை நிறுத்திட்டாங்க. அதுக்குக் கீழே விளையிற நெல்லுல கதிர் இருக்கா, எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும்."

"நெல்லுன்னா கதிர் இல்லாம இருக்குமாம்மா? கதிர் இல்லைன்னா அது வைக்கோல்" என்றேன்.

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பிறகு பொறுமையாகச் சொன்னார்: இது வேறு கதிர், கண்ணுக்குத் தெரியாது, சில கல்லிலிருந்து ஓயாமல் வந்துகொண்டே இருக்கும், அந்தக் கல்லின் சத்து தண்ணீரில் கரைந்து பயிருக்குள் போனால் சோற்றிலும் வரும், கொஞ்சமாக இருந்தால் எல்லா மண்ணிலும் உள்ளதுதான், கூடினால் நல்லதில்லை. புரிந்தது. ஆனால் அந்த வைக்கோல் பேச்சு அடுப்பு அறை, டைப் அறை, வாட்ச்மேன் கூண்டு எல்லாம் சுற்றி வந்தது. ஒரு வாரத்துக்கு என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், "க்யா மேஸ்திரி, கதிர் வந்துச்சா?" என்றார்கள். இனிமேல் இந்த பங்களாவில் வாய் திறந்து ஒரு சந்தேகம் கேட்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கட்டட வேலையில் அப்படிக் கேட்காமல் இருந்தது எனக்கு உதவியிருந்தது. ஆளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்த வேலையும் கேட்காமலே பிடிபட்டுவிடும் என்பது என் பெருமை.

அந்தக் குன்று ஹைதராபாத்திலிருந்து ஜீப்பில் நாலு மணி நேரம். தோண்டியவர்கள் எடுத்தது கட்டாது என்று குழிகளை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் கம்பி வேலியும் ஒரு எச்சரிக்கைப் பலகையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேலிக் கம்பி ஊர்க்காரர்களின் கொடியாகித் துணி காய்ந்தது. பலகை ஒரு ஆட்டுப்பட்டிக்குக் கதவாகிவிட்டது. மழைக்காலத்தில் குழி நிரம்பி வழிந்து, ஒரு வாய்க்கால் வழியாக ஏரியில் போய் விழும். ஏரிக்குக் கீழே நெல்.

வாய்க்கால் விழுகிற மூலைக்குப் பக்கத்தில், முதல் மடையில், ஒரு அம்மாளின் நிலம் இருந்தது. புருஷன் பம்பாய் மில்லுக்குப் போனவர், வருடத்துக்கு ஒருமுறை வருவார். நிலத்தை அந்த அம்மாள்தான் பார்த்தாள். முதல் தடவை நாங்கள் போனபோது டாக்டரம்மா கையில் ஒரு பெட்டி இருந்தது. வரப்பில் அடுக்கியிருந்த குழிக் கற்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா தள்ளிப் போனதும் என்னிடம் வந்து, "ஈ பிய்யம் மேமு தினொச்சா, அன்னா?" என்று கேட்டாள். இந்த அரிசியை நாங்கள் சாப்பிடலாமா?

அவள் மகள் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறாவது மாதம். வீட்டுக்குள் என்னைக் கூப்பிட்டு இரண்டு பானைகளைக் காட்டினாள். ஒன்றில் ஏரி அரிசி. இன்னொன்றில் குன்றுக்கு அந்தப்புறம் அவள் அண்ணன் ஊரிலிருந்து தலையில் சுமந்துவந்த அரிசி. அந்த ஊருக்கு இந்த ஏரித் தண்ணீர் போகாது; அவர்களுக்கு வேறு கிணறு, வேறு வாய்க்கால். வேலி போட்டுப் பலகை வைத்தவர்கள் காரணம் இல்லாமலா வைத்திருப்பார்கள் என்று, மகள் வந்ததிலிருந்து அவளுக்கு மட்டும் அண்ணன் ஊர் அரிசியை வடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணி என்னைக் கேலி பண்றா அன்னா" என்று தெலுங்கில் சொன்னாள். "உன் ஏரி உனக்கே கசந்துபோச்சான்னு கேக்கறா. எத்தனை நாளைக்கு அவ வாசல்ல போய் நிக்கிறது? உங்க பெட்டி என்ன சொல்லுதுன்னு நீங்களே வந்து சொல்லிடுங்க. அது வரைக்கும் சுமக்கறேன்."

"நானே வந்து சொல்றேன் அக்கா" என்றேன். சர்க்காரே நான்தான் என்கிற மாதிரி சொன்னேன்.

இரண்டு பானைகளையும் என் கண்ணால் பார்த்தேன். இதை நான் மறக்காமல் எழுத வேண்டும்.

அறுப்பு முடிந்ததும் டாக்டரம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்தத் தடவை நான் தனியாகப் போக வேண்டியதாயிற்று. பங்களா வராந்தாவில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து வேலையைச் சொன்னார்.

"ஏரிக்குக் கீழே பத்து வயல்ல, வயலுக்கு அஞ்சு கிலோ. அரிசியாவே எடுத்துக்குங்க. அதே அளவு கண்ட்ரோலும் பத்து பை. சீட்டெல்லாம் எழுதி வச்சிருக்கேன். பச்சைச் சீட்டு ஏரி, மஞ்சள் சீட்டு கண்ட்ரோல். நீங்க கட்டினா மட்டும் போதும். ஊர் பேரை வந்து சொல்லுங்க, நான் குறிச்சுக்கறேன்."

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது என்பதை அவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார். என்னைச் சங்கடப்படுத்தாமல் சீட்டுக்கு இரண்டு நிறம் வைத்தார். அந்த மரியாதைக்குத்தான் நான் அப்படிப் பதில் செய்தேன்.

ஹைதராபாத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே கண்ட்ரோல் என்றால் ரேஷன். ரேஷன் கடைக்குக் கண்ட்ரோல் கடை என்று பெயர், அங்கே வாங்குவது கண்ட்ரோல் அரிசி, கண்ட்ரோல் சர்க்கரை, கண்ட்ரோல் கெரசின். தெலுங்குக்காரனும் துருக்கனும் தமிழனும் அப்படித்தான் சொல்வோம். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பாதி நாள் கண்ட்ரோல் அரிசிதான். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏரி அரிசி ஒரு பக்கம், ஏழைகள் சாப்பிடும் கண்ட்ரோல் அரிசி ஒரு பக்கம். இரண்டையும் பார்க்கிறார்கள் போலிருக்கிறது, நல்ல அம்மா, ஏழைகளை நினைக்கிறார் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஏரி வயல் பத்திலும் ஒழுங்காக எடுத்தேன். அதில் ஒரு பை அந்த அம்மாளின் ஏரிப் பானையிலிருந்து. பச்சைச் சீட்டுக் கட்டினேன். திரும்பும் வழியில் பக்கத்து டவுனில் ஜீப்பை நிறுத்திக் கண்ட்ரோல் கடைக்குப் போனேன். கார்டு இல்லாதவனுக்கு அரிசி போட மாட்டான். நான் பேசி வாங்கினேன். சர்க்கார் வேலை என்றேன், சீட்டைக் காட்டினேன், டீ வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் கடைக்காரர் ஒரு மூட்டையையே பிரித்தார்.

"அரிசி எப்படி பாய், புழு கிழு இருக்குமா?" என்று கேட்டேன்.

"நக்கோ மேஸ்திரி, டென்ஷன் நக்கோ. பாஹர் கா நை. யஹீச் தலாப் கா சாவல்" என்றார். வெளியூர் அரிசி இல்லை, இதே ஏரி அரிசி. ஏரிப் பாசனத்து நெல்லில் சர்க்காருக்குச் சேர வேண்டிய லெவிப் பங்கை அளப்பது அந்த டவுன் மில்லில்தான். அரைத்தது நேரே அங்கே வந்துவிடும். நல்ல சரக்காகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். ஒரே மூட்டையைப் பத்துப் பையாகப் பிரித்து மஞ்சள் சீட்டுக் கட்டினேன்.

பங்களாவில் டாக்டரம்மா பைகளைத் திறந்து கையில் அள்ளிப் பார்த்தார். மஞ்சள் பைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"எல்லாம் ஒரே ரகமா இருக்கே மேஸ்திரி?"

"கண்ட்ரோல்னா ஒரே மாதிரிதாம்மா இருக்கும்."

"அதுவும் சரிதான், ஒரே ரகமா இருந்தா கணக்குக்கு நல்லது. என்ன, கல்லு ரொம்ப இருக்கு."

"கண்ட்ரோல் அரிசியில கல்லு இல்லாம பின்ன முத்தாம்மா இருக்கும்?"

அவர் சிரித்தார். "அது வேற கண்ட்ரோல் மேஸ்திரி!" என்றார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். பெரியவர்கள் சிரித்தால் கூடச் சிரித்துவிடுவது என் வழக்கம், அதனால் நான் எதையும் இழந்ததில்லை. அவர் நான் தமாஷ் செய்வதாக நினைத்தார். நான் அவர் தமாஷ் செய்வதாக நினைத்தேன். 'வேற கண்ட்ரோல்' என்ற சொல் காதில் விழுந்தது. ஒரு நிமிடம் உள்ளே என்னவோ உறுத்தியது. கேட்டிருக்கலாம். வைக்கோல் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் அடுப்பு அறையிலிருந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஊர் பெயரை அவரும் கேட்க மறந்துபோனார்.

அரிசியை அவர்கள் வேக வைக்கவில்லை, எரித்தார்கள். மின்சார அடுப்பில் நாள் கணக்கில் கருக்கி வெள்ளைச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை ஈயப் பெட்டிக்குள் வைத்து அளந்தார்கள். அஞ்சு கிலோ அரிசி ஒரு உள்ளங்கைச் சாம்பல் ஆகிவிடும். மாரெட்பள்ளித் தெரு முழுக்கத் தீய்ந்த வாடை. எதிர்வீட்டு மாமி ஒருநாள் கேட்டுக்கு வந்து, "உங்க ஆபீஸ்ல பொங்கல் வைக்கத் தெரிஞ்ச ஒரு மனுஷா கிடையாதா?" என்று சத்தம் போட்டாள். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

ஒருநாள் தில்லியிலிருந்து இரண்டு பெரிய அதிகாரிகள் வந்தார்கள். நான் டீ தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அது என் வேலை இல்லை. பெரிய மனிதர்களைப் பக்கத்தில் பார்க்கலாம் என்று பியூனிடமிருந்து வாங்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா சுவரில் ஒரு படம் மாட்டி ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஹிந்தி எனக்குத் தண்ணீர் மாதிரி.

ஏரி அரிசியில் கதிர் சாதாரணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் கண்ட்ரோல் அரிசியிலும் அதே அளவு இருக்கிறது. கண்ட்ரோல் என்பது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்தது, குழித் தண்ணீர் படாத நிலத்தில் விளைந்தது. பட்டதும் படாததும் ஒன்றாக இருப்பதால் இது குழியால் வந்தது இல்லை, அந்தப் பக்கத்து மண்ணின் இயல்பே அப்படி. குழியை மூடவும் வாய்க்காலைத் திருப்பிவிடவும் தாம் முன்பு கேட்டிருந்தது இப்போது அவசியமில்லை.

அவர் கேட்டது எந்தக் கண்ட்ரோல் என்று அப்போதுதான் புரிந்தது. தட்டைக் கீழே வைத்தேன்.

அவர்களில் ஒருவர் கேட்டார், கண்ட்ரோல் எந்த ஊரில் எடுத்தது என்று. டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "எங்க மேஸ்திரிதான் கொண்டுவந்தார். ரொம்ப நம்பிக்கையான மனுஷர்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, தமிழில், "மேஸ்திரி, எந்த ஊருன்னு சொல்லுங்க" என்றார்.

நான் அந்த அம்மாளின் அண்ணன் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

தயங்கவே இல்லை. தேடவும் இல்லை, நாக்கிலேயே இருந்தது. இரண்டாவது பானையை நான் பார்த்திருந்தேன் அல்லவா? அதிலிருந்து ஒரு பிடி அரிசிகூட எடுக்கத் தெரியாதவனுக்குப் பொய் சொல்ல வேண்டியபோது அந்த ஊர்ப் பெயர் உடனே வந்துவிட்டது. டாக்டரம்மா அதைக் காலிக் கட்டத்தில் எழுதினார். அவர் பேனா நகர்ந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. தில்லிக்காரர், "ஷாபாஷ் மேஸ்திரி" என்றார். நான் கும்பிட்டேன்.

தெரியாமல் செய்ததைத் தப்பு என்று சொல்லலாம். அதற்கு நாலாங்கிளாஸைச் சாக்குச் சொல்லலாம். பேனா நகர்ந்த அந்த இடத்தில் எனக்கு எந்தச் சாக்கும் இல்லை. எல்லாம் தெரிந்தபின் சொன்னேன்.

மறுவாரம் டாக்டரம்மாவே சொன்னார்: "அந்த அம்மா பாவம், பயந்துகிட்டே இருப்பாங்க. போய் நல்ல வார்த்தை சொல்லிட்டு வாங்க."

போனேன். மகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மாள் என் முகத்தையே பார்த்தாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். சர்க்கார் இன்னும் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம், அண்ணன் ஊர் அரிசியையே கொடு என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்பாள். டாக்டரம்மாவிடம் ஆள் அனுப்பிக் கேட்பாள். கேட்டால் ஃபைலைத் திறப்பார்கள்.

"ஏமீ காது அக்கா. தினன்டி" என்றேன். ஒன்றும் ஆகாது, சாப்பிடுங்கள்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். "கழுத்தே தேஞ்சுபோச்சு அன்னா! இனிமே அந்த அண்ணி மூஞ்சியைப் பார்க்க வேணாம்" என்றாள். மகளைப் பார்த்து, "கேட்டியாடி? நம்ம அரிசி நல்ல அரிசியாம்" என்றாள். அண்ணன் ஊர்ப் பானையைக் கவிழ்த்து, மிச்சம் இருந்ததைக் கோழிக்கு இறைத்தாள். எனக்குப் புது ஏரி அரிசி ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். பிள்ளை வயிற்றோடு இருக்கிறவள் வீட்டிலிருந்து வெறுங்கையோடு போகக்கூடாது என்று வண்டியில் வைத்துவிட்டாள்.

வீட்டில் என் மனைவி அதை வடித்தாள். வெள்ளை வெளேர் என்று, வாசனையாக இருந்தது. தட்டில் போட்டு வைத்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாய்யா, சோத்தப் பாத்துகினு கீறே? கைய வய்யி."

"பசி இல்ல."

"நாலு மணி நேரம் ஜீப்பு ஓட்டிகினு வந்தவனுக்குப் பசி இல்லியா? எனக்கே கத உடறியா?"

"அது குழித் தண்ணில வெளஞ்சதுடி."

"நீதான சொன்ன, சர்க்காரே சாப்புடலாம்னு சொல்லிட்சின்னு?"

அவள் தன் தட்டில் போட்டுக்கொண்ட சோற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடமே பார்த்தவள் இல்லை. ஆனால் என்னைப்போல ஆளைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும் சாமர்த்தியம் அவளுக்கும் உண்டு.

"மாசமா கீற பொண்ணு துன்னலாம், நீ துன்ன மாட்டே. அப்டித்தான?" என்றாள். தன் தட்டை எடுத்து என் தட்டில் கொட்டிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் மிச்ச அரிசியைத் தூக்கிக்கொண்டு மௌலா அலி மலைப் படி ஏறினேன். தர்காவில் புறாக்களுக்கு இறைத்தேன். படியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "இவ்வளவு அரிசியா! அல்லா உனக்கு நிறையக் கொடுப்பான்" என்றார். ஏதோ தர்மம் செய்தவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன். அந்தப் பெரியவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. போன அன்று பங்களாவில் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பம்பாய்க்கு மாற்றல். மேஜைமேல் நீல அட்டை ரிப்போர்ட் அடுக்கியிருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க மேஸ்திரி. பாருங்க, நம்ம வேலை!" என்று ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்து, யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறது என்று வாசித்துக் காட்டினார். டைரக்டர், அளந்தவர், அடுப்பைப் பார்த்துக்கொண்டவர், டைப் அடித்தவர் எல்லோர் பெயரும் இருந்தது. கடைசியில், வாகன உதவிக்கும் நன்றி.

"என் பேரு?" என்றேன்.

அவர் பக்கத்தை மறுபடி பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, விட்டுப்போச்சே. தப்பு என்னோடதுதான் மேஸ்திரி. அடுத்ததுல முதல்ல உங்க பேருதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெயிலில் வயல் வயலாக அலைந்தவன் நான். அடுப்பைத் திருகினவன் பெயர் இருக்கிறது, என் பெயர் வாகனமா? "பரவால்லம்மா, எங்களுக்கெல்லாம் எதுக்குப் பேரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அவர் பின்னாலேயே கேட் வரைக்கும் வந்து மன்னிப்புக் கேட்டார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! நான் எதற்காகப் போனேன் என்பது ஜீப்பில் ஏறிப் பாதி வழி வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பியிருக்கலாம். அந்தக் கோபம் சௌகரியமாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

பத்து வருடத்துக்கு மேல் அதைச் சொல்லிச் சொல்லியே ஓட்டினேன். சங்கக் கூட்டத்தில், கல்யாணப் பந்தியில், எங்கே நாலு தமிழர்கள் கூடினாலும், "எத்தனை பெரிய ரிப்போர்ட், என் உழைப்பு, என் பெயரைப் போடாமல் விட்டார்கள்" என்பேன். "ஹவ், ஆமா, படிக்காதவன்னா இப்படித்தான் செய்வாங்க" என்று எல்லோரும் என் பக்கம் பேசினார்கள். என் மனைவி மட்டும் அந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒரே ஒரு தடவை அந்த ஊருக்குத் திரும்பப் போனேன். வேறு கட்டட வேலைக்கு அந்தப் பக்கம் போனபோது. வாய்க்கால் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அம்மாளுக்கு முடி நரைத்திருந்தது. அன்றைக்கு மகள் வயிற்றில் இருந்த பிள்ளை ஆளுயரத்துக்குப் பாதி வளர்ந்து, வரப்பில் எருமையை விரட்டிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் இருந்தான். அதைப் பார்த்து எனக்கு நிம்மதி வர வேண்டும், வரவில்லை. டாக்டரம்மா ஒருமுறை சொல்லியிருந்தார்: இது இன்று சாப்பிட்டு நாளை தெரிகிற விஷமில்லை; ஒருவேளை ஒன்றுமே ஆகாது; ஆனாலும் இதனால்தான் ஆயிற்று என்று யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. அதனால்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். அந்த அளவைத்தான் நான் கெடுத்தேன்.

அவள் சோறு போட்டாள். அன்றைக்குச் சாப்பிட்டேன், இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அது ஒரு வேளை. அவர்கள் என் வார்த்தையை நம்பிச் சாப்பிட்டது எத்தனை வேளை என்று கை கழுவும்போது எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. அன்றும் சொல்லவில்லை.

இப்போது எழுதுகிறேன். மனைவி போய்விட்டாள். இதைக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போக வீட்டில் ஆள் இல்லை. அந்த நீல அட்டை ரிப்போர்ட் எந்த சர்க்கார் அலமாரியில் இருந்தாலும் சரி, அதை வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். குன்றுக்கு அந்தப்புறத்து ஊரிலிருந்து பத்துப் பை அரிசி எடுத்து, மறுபடி எரித்து அளந்து பாருங்கள். ஆள் அனுப்பி அந்த அம்மாளிடம் சரியான பதிலைச் சொல்லுங்கள். அவள் இல்லாவிட்டால் அவள் மகளிடம். டாக்டரம்மா மேல் ஒரு சொல் வரக்கூடாது. அவர் கேட்டது சரியான கண்ட்ரோல்.

அப்புறம் அந்தக் கடைசிப் பக்கம். டைரக்டர், அளந்தவர், அடுப்பைப் பார்த்தவர், டைப் அடித்தவர் எல்லோரும் இருக்கட்டும், யாரையும் எடுக்க வேண்டாம். வாகனம் என்று போட்டிருக்கிறதே, அதை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு போடுங்கள். பக்கத்திலேயே எழுதுங்கள்: மஞ்சள் சீட்டு கட்டிய பத்துப் பையும் இவன் கண்ட்ரோல் கடையில் வாங்கியது, ஊர்ப் பெயரைப் பொய்யாகச் சொன்னதும் இவன்தான். இதில் இவனுக்கு யாரும் கூட்டு இல்லை, தனியாகவே செய்தான். அன்றைக்கு விட்டுப்போன பெயர் அது. அதைப் போட்டுவிடுங்கள்.